சாராயப் பீப்பாயில் வெந்நீர்

தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறதா என்று பார்க்க, எந்த இடத்தில் கை வைக்க வேண்டும்? இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கோவில்பட்டியில் இருந்தவரை நானும் சிரித்திருப்பேன். அங்கே குழந்தைக்கு வெந்நீர் என்றால் ஒரு வாளித் தண்ணீர்; அடுப்பிலிருந்து இறக்கியதில் பச்சைத் தண்ணீரை விட்டு விளாவி, புறங்கையால் தொட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. இங்கே கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் வீட்டுக்காரம்மாவின் பின்முற்றத்தில் ஒரு பெரிய மரத்தொட்டி நிற்கிறது. அதன் பக்கத்தில் விறகு போட்டு எரிக்கும் பாய்லர். தொட்டியின் மேல்மட்டத்தில் கை வைத்தால் சுடுகிறது. முழங்கைவரை விட்டால் இதமாக இருக்கிறது. குனிந்து அடியைத் தொட்டால் அப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது. மூன்றும் ஒரே தொட்டித் தண்ணீர்தான். துடுப்பால் கலக்கிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தால், இதற்குள் என் கையே அந்தச் சூட்டுக்குப் பழகிப் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்துவிடும். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தினமும் இதே வேலையைச் செய்கிறேன். இன்றைக்கும் குழந்தையை இறக்குகிற நொடியில் எனக்குப் பதில் தெரியாது.

இவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஜவுளிக் கடையில் எழுத்து வேலை கிடைத்ததால் நாங்கள் கொழும்புக்கு வந்தோம். உலகச் சண்டை முடிந்து சாமான்களின் தட்டுப்பாடு மட்டும் முடியாதிருந்த காலம். எங்கள் மகள் கோமதி அப்போது கைக்குழந்தை. வரிசையாக அறைகள் கட்டிய ஒரு வளவில் எங்களுக்கு ஓர் அறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். கோமதி எங்கள் தகரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிய சமயத்தில் மழை தொடங்கியது, கூடவே அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் விட்டபோது அவளுடைய இடதுகால் துவைத்துக் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கியது. உள்ளங்காலில் நகத்தால் கீறிப் பார்த்தேன். அழுதாள். அழுகிறாளே என்று நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை இவர் ட்ராம் வண்டியில் வைத்து எனக்குத் தமிழில் சொன்னார். கால் செத்துப்போகவில்லை, வேலை செய்ய மறந்துவிட்டது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் மார்பளவுக்கு விட்டு, அவளாகக் காலை உதைக்கும்படி செய்யவேண்டும். தரையில் அந்தக் கால் அவளைத் தாங்காது. தண்ணீரில் தண்ணீர் பாதியைத் தாங்கிக்கொள்ளும். நடப்பாளா என்று இவர் கேட்டதற்கு மட்டும் டாக்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து மாமியார் ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்கள்: பிள்ளையை உடனே கூட்டிவா, சங்கரன்கோவில் பக்கத்தில் எண்ணெய் போட்டு நீவிக் கட்டுகிறவர் இருக்கிறார், தண்ணீரில் ஊறப்போட்டால் பயறுதான் முளைக்கும், கால் முளைக்காது என்று. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். "நீ படிச்சவ. நீ என்ன சொல்லுதியோ அப்படியே செய்வோம்" என்றார். பெரிய மரியாதைதான். ஆனால் அன்று அவர் ஒரு முடிவைச் சொல்லியிருந்தால், அது தப்பான முடிவாக இருந்தால்கூட, நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். டாக்டர் சொன்னபடி செய்து பார்ப்போம் என்றேன். கால் சரியாகாவிட்டால் காலமெல்லாம் அந்தப் பேச்சு என் பேச்சாகத்தானே இருக்கும்?

மார்பளவு வெந்நீருக்குக் கொட்டாஞ்சேனையில் எங்கே போவது? வாளிதான் இருந்தது. கடைக்கு வந்துபோகிற ஒருவர், வெள்ளவத்தையில் கடலோர ரயில்பாதைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரக் கலப்பில் வந்த ஒரு பறங்கியம்மாள் வீட்டின் பின்பகுதி வாடகைக்கு வருகிறது, அங்கே குளிப்பதற்கு ஏதோ பெரிய தொட்டி இருக்கிறது என்று சொன்னார். வயலட் நோனாவை அப்படித்தான் தெரியவந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் சீமாட்டி என்கிற பொருளில் நோனா என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய கணவர் ஹாரி ரயில் எஞ்சின் ஓட்டியவர். காங்கேசன்துறைப் பக்கம் வெகுகாலம் வேலை பார்த்ததால் நோனாவுக்கு யாழ்ப்பாணத் தமிழ் நன்றாக வரும். எஞ்சினில் நின்று நின்று ஹாரிக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது அவரே செய்த ஏற்பாடு இது. பெரிய சாராயப் பீப்பாயைப் பாதியாக அறுத்து, உள்ளே சுற்றிவர உட்கார ஒரு பலகை அடித்திருக்கிறார். பக்கத்தில் சற்றுத் தாழ்வாக ஓர் இரும்பு உருளை, அதற்குக் கீழே நெருப்பு வைக்கும் வாய், மேலே புகைபோக்கி. தொட்டிக்கும் உருளைக்கும் நடுவே இரண்டு குழாய்கள். கீழ்க்குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உருளைக்குப் போகும். சூடானது மேல்குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பி வரும். யாரும் இறைக்க வேண்டாம், தள்ள வேண்டாம். தண்ணீர் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஹாரி காலமானபிறகு தொட்டி காய்ந்து கிடந்தது. முதல்நாள் நானும் இவரும் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்ற ஊற்ற, பலகை இடுக்குகள் வழியாக எல்லாம் முற்றத்தில் ஓடியது. கோவில்பட்டியில் ஒரு குடம் தண்ணீருக்குக் கரிசல் காட்டைத் தாண்டிப் போய்வந்தவள் நான். என் கண்முன்னால் அவ்வளவு தண்ணீர் மண்ணில் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த இடமும் சரிவராது, ஊருக்கே போயிருக்கலாம் என்று நினைத்தேன். நோனா பின்வாசலில் நின்றபடி, மரம் முதலில் தண்ணீர் குடிக்கவேண்டும், குடித்து ஊதிவிட்டால் இடுக்கு மூடிக்கொள்ளும் என்றார். அப்படியே ஆயிற்று. சில நாள் விடாமல் ஊற்றியபின் ஒருநாள் காலையில் தொட்டியைச் சுற்றித் தரை காய்ந்திருந்தது.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியமக்கா பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன பிள்ளை, சாராயப் பீப்பாவுக்கையோ குழந்தைக்குத் தண்ணி வாக்கப் போறீர்? பிறகு அவள் தள்ளாடித் தள்ளாடியெல்லே நடப்பாள்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு மளுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. நடக்கட்டும் அக்கா, தள்ளாடியாவது நடக்கட்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது. கோமதியின் கால் சங்கதி அதுவரை அக்காவுக்குத் தெரியாது. உள்ளே போனார். சற்று நேரத்தில் ஒரு சாக்கு நிறையச் சிரட்டையும் காய்ந்த தென்னைமட்டையும் வேலிக்கு மேலால் விழுந்தன. "மட்டை கெதியா எரியும், சிரட்டை நிண்டு எரியும். ரெண்டையும் கலந்து வையும்" என்று குரல் மட்டும் வந்தது.

முதன்முதலாக நெருப்பு வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நோனா கோவிலுக்கு, அதாவது அவர்களுடைய தேவாலயத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், தொட்டியை நிரப்பிவிட்டு நெருப்பு வை, நான் வருவதற்குள் சுட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் கடையில் சரக்கு வந்திறங்கிய நாளென்று போயிருந்தார். நான் தொட்டியைப் பாதிக்கு மட்டும் நிரப்பினேன். சோம்பல் இல்லை. எனக்கு அதுதான் முறை என்று தோன்றியது. வெந்நீர் என்றால் முதலில் கொதிக்கவேண்டும், பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவவேண்டும். முழுக்க நிரப்பிவிட்டால் விளாவ இடம் எங்கே? அதுவுமல்லாமல் முழுத் தொட்டியின் ஆழத்தைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. பாதி நிரப்பினால் கோமதி முழுகிப்போக மாட்டாள். இப்படி இரண்டு பக்கமும் யோசித்து, ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்து நெருப்பை மூட்டினேன்.

மேல்குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே வெறுமனே தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு உருளைக்குள் யாரோ முஷ்டியால் குத்துவதுபோல் ஒரு சத்தம். அடுத்து இரண்டு, மூன்று. குழாய் நடுங்கியது. அதன் வாயிலிருந்து ஆவியும் கொதிநீரும் சீறித் தெறித்தன. தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தால் அது பச்சையாகவே இருந்தது. கோமதி ஈரப்பலா மரத்தடியில் பாயில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். உருளைமேல் தண்ணீர் கொட்டுவதா, தொட்டியில் ஊற்றுவதா, ஓடிவிடுவதா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக ஓடினேன். பாக்கியமக்கா அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மண்வெட்டியை நீட்டினார். நெருப்பை வெளியில் இழுத்துப்போடும் என்றார். இழுத்துப் போட்டேன். குத்துகிற சத்தம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. இரும்பு வெடித்திருந்தால் என்று ஒரு நினைப்பு. நோனாவின் கணவர் தம் கையால் செய்ததை உடைத்துவிட்டேனோ என்று இன்னொரு நினைப்பு. இனி இந்தத் தொட்டியைத் தொடாதே என்று அவர் சொல்லிவிட்டால் கோமதியின் காலுக்கு வேறே வழி இல்லையே என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

நோனா வந்தபோது முற்றமெல்லாம் சாம்பலும் கரியுமாகக் கிடந்தது. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைத் தடவுவதுபோல் உருளையைச் சுற்றித் தடவிப் பார்த்தார். குழாய் சேருமிடத்தில் ஒரு பொட்டுப்போல ஈரம் கசிந்திருந்தது. வேறு சேதம் இல்லை. நான் பாதி நிரப்பியதையும் ஏன் நிரப்பினேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று அந்த முகத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இது சட்டி இல்லை, சைல்ட், எஞ்சின்" என்றார். "தண்ணி முதல், நெருப்பு பிறகு. மேல்குழாய் முங்காமல் நெருப்பு வைக்கவே கூடாது. ஹாரி இருந்திருந்தால் உம்மை எஞ்சினிலையிருந்து இறக்கி விட்டிருப்பார்."

எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். அளவுக்கு மேல் சுட்டுவிட்டால் பச்சைத் தண்ணீர் விட இடம் வேண்டாமா என்று கேட்டேன்.

"ஏன் விடவேணும்? பொறுத்திரும். சூடு தன்பாட்டில போகும்."

இது எனக்குப் புரிய நாளாயிற்று. எங்களுக்கு வெந்நீரின் சூடு என்பது கையால் திருத்தக்கூடிய ஒன்று. கூடினால் இதை விடு, குறைந்தால் அதை விடு. நோனாவுக்கு அது காத்திருக்கவேண்டிய ஒன்று. நெருப்பை எப்போது நிறுத்துவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். என்னைப் போல நிமிஷத்துக்கொரு தரம் மனம் மாறுகிறவளுக்கு இது தண்டனை மாதிரி இருந்தது. அன்று மாலையே இருவருமாகத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினோம். கோமதி நிற்பதற்கு ஹாரியின் பலகை இருந்தது; அதன்மேல் நிறுத்தினால் தண்ணீர் சரியாக அவள் மார்புவரை வந்தது. அந்த மனிதர் தம் முதுகுக்காக அடித்த பலகை. மேல்குழாயின் வாய்க்கு நோனா மரச்சட்டத்தால் ஒரு மறைப்பும் கட்டினார். நெருப்பை முழுக்க இழுத்துவிட்டு, துடுப்பால் கலக்கி, அதன்பிறகே பிள்ளையை இறக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவருக்குக் கட்டுப்படவில்லை. உட்கார்ந்த தண்ணீரிலேயே குளித்து எழுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. நம் ஊரில் பாத்திரத்தைத்தான் ஊறவைப்போம். உடம்பு பட்ட தண்ணீர் உடம்பை விட்டுப் போய்விட வேண்டும். அதனால் கோமதியைத் தொட்டியிலிருந்து தூக்கியதும் தலைமேல் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் துவட்டுவேன். இவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தவளை ஏன் மறுபடி நனைக்கிறாய் என்று நோனா கேட்டார். இதுவரை வைத்தியம், இதுதான் குளியல் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். மறுநாள் அந்தச் சொம்பும் வெதுவெதுப்பாக இருக்கட்டுமென்று, பாய்லரின் தலைமேல் ஒரு சின்னத் தகரப்பாத்திரத்தில் தண்ணீரை வைத்திருந்தார்.

அதன்பிறகு நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி போயின. காலையில் இவர் போனதும் தண்ணீர் மட்டம் பார்ப்பது, மட்டையும் சிரட்டையும் அடுக்குவது, நெருப்பு. காலி வீதி என்கிற பெரிய சாலைப் பக்கமிருந்து பஸ் சத்தமும் கடற்கரைப் பக்கமிருந்து ரயில் சத்தமும் வரும். ரயில் போகும்போது நோனா என்ன வேலையாக இருந்தாலும் ஒரு கணம் நின்று கேட்பார். நான் பலகையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து கோமதியின் இரு கக்கத்தையும் பிடித்துக்கொள்வேன். வலதுகால் தண்ணீரை அடிக்கும். இடதுகால் அது போகிற பக்கம் சும்மா போகும். சில நாள் அசைந்தது மாதிரி இருக்கும், அது தண்ணீரின் அசைவோ என்று இருக்கும். கொழும்பு மழையில் மட்டை நனைந்து புகையும்போது, ஊரில் இந்நேரம் யாராவது எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருப்பார்களே, நான் என் பிடிவாதத்தால் அந்தக் காலத்தை வீணாக்குகிறேனோ என்று நினைப்பேன். பாக்கியமக்காவிடம் சொன்னால், நினைக்கிறதை நிப்பாட்டிப் போட்டு நெருப்பை ஊதும் என்பார்.

அந்த நாள் வந்தபோது நான் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். கலக்கி முடித்து விளிம்பில் சார்த்திவைத்த துடுப்பு நழுவி வெளியே விழ, அவளைத் தொட்டி விளிம்பைப் பிடித்துப் பலகைமேல் நிற்கவிட்டு அதை எடுக்கக் குனிந்தேன். நெருப்பை இழுத்துவிட்டாலும் மேல்குழாயின் வாயிலிருந்து கொஞ்ச நேரம் இளஞ்சூட்டோடு தண்ணீர் மெல்ல வந்துகொண்டிருக்கும். அது கோமதிக்கு வெகுநாளாக ஆசை. கிட்டே போகாதே, சுடும் சுடும் என்று தினமும் நான் விரட்டுகிற இடமும் அதுதான். நிமிர்ந்து பார்த்தால் அவள் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பலகைமேல் அந்தக் குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். வலதுகால், பிறகு இடது. இடதுகால் பலகையை விட்டு மேலே எழும்பி, முன்னால் போய் ஊன்றியது. மறுபடியும் எழும்பியது. நான் அலறிவிட்டேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நோனா ஓடிவந்தார். குழாய், குழாய் என்றேன்.

நோனா தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார். "சூடில்லை. ஏன் கத்துறீர், சைல்ட்? பிள்ளை நடந்தாளெல்லோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோமதி மறைப்புச் சட்டத்தைப் பிடித்து நின்று, இடுக்கில் விரலை விட்டு, வந்த தண்ணீரைப் பார்த்து "வத்துர" என்றாள். நோனாவிடமும் பால்காரரிடமும் கேட்டுக் கற்ற சிங்களச் சொல். என் மகள் தன் காலால் நடந்து போய்ச் சொன்ன முதல் வார்த்தை எங்கள் தண்ணீராக இல்லை, இந்த ஊர்த் தண்ணீராக இருந்தது. அதற்கு வருத்தப்பட வேண்டுமோ என்று கொஞ்சம் யோசித்தேன். வருத்தம் வரவில்லை. நனைந்த புடவையோடு தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். மாலையில் இவர் வந்ததும் அவளைத் தொட்டியில் இறக்கிக் காட்டினேன். இவர் அங்கேயே வேட்டியோடு முழங்காலிட்டு, வா வா என்று குழாய்ப் பக்கமிருந்து அவளை அழைத்துக்கொண்டே இருந்தார்.

தரையில் நடக்க அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. இப்போது நடக்கிறாள். இடதுகால் சற்றே இழுக்கிறது. அதுவும் குறையும், தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்கிறார் டாக்டர். வேலிக்குப் பக்கத்தில் அவள் போகும்போதெல்லாம் பாக்கியமக்கா, பீப்பாவுக்கை குளிச்சும் நேராத்தான் நடக்கிறாள் என்று தம் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

இவ்வளவையும் எழுதியது ஒரு யோசனை கேட்கத்தான். வருகிற சித்திரையில் சங்கரன்கோவிலில் அவளுக்கு முடி இறக்க ஊருக்குப் போகிறோம். கோடை முழுக்க அங்கே இருக்க வேண்டும். மாமியார் இப்போது கோபமாக இல்லை. பேத்தி நடக்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். ஆனால் கோமதி, தலைமேல் சொம்புத் தண்ணீர் ஊற்றுவதை ஒரு நொடிதான் பொறுப்பாள். வாளியைக் கண்டால் அதற்குள் காலை விட்டு உட்காரப் பார்க்கிறாள். ஊரில் எங்கள் வீட்டில் மார்பளவுத் தண்ணீர் நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தொழுவத்துக் கல்தொட்டி. அதில் குழந்தையை இறக்குவதற்கு மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது ஒரு பக்கம். நான் திரும்பி வரும்வரை பீப்பாய் காய்ந்து வாய் பிளந்துவிடாமல் தினமும் நிரப்பி வைப்பதாக நோனா சொல்லியிருக்கிறார். ஆக, நான் அங்கே கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது, இங்கே ஈரப்பலா மரத்தடியில் ஒரு தொட்டித் தண்ணீர் நெருப்பில்லாமல் எங்களுக்காக நின்றுகொண்டிருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் கடல் தாண்டி வந்து பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்தொட்டியில் குழந்தையை இறக்கிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கல் சூட்டை உறிஞ்சிவிடும் என்கிறார்கள், உண்மையா? அங்கே பாய்லர் இல்லை, குழாய் இல்லை. அண்டாவில் காய்ச்சி மொண்டுதான் ஊற்ற வேண்டும். அப்படியானால் நம் வழக்கப்படி வெந்நீரை முதலில் ஊற்றிப் பிறகு விளாவுவதா, அல்லது பச்சைத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நோனாவைப் போலக் காத்திருப்பதா?